மஞ்சள் வைத்த கவுன்

அப்பா இறந்துபோன பிறகு நானும் அம்மாவும் ஆம்பூரில் மாமா வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது; ஒண்டிக்கொண்டிருந்தோம் என்பதே சரி. மாமா டேனரியில் மேஸ்திரி. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தோல் வாடை அடுப்படி வரை போய்விடும். ஊர் முழுக்க அதே வாடை என்பதால் யாரும் முகம் சுளித்ததில்லை. மாமா நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. அத்தை வைத்ததுதான் சட்டம்.

எனக்கு ஏழு வயது. கை சும்மா இருக்காது. குழம்புச் சட்டியை உடைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு பாயம்மாவின் கோழியைக் கூடை போட்டு மூடிவிட்டு ஒரு பகல் முழுக்க மறந்துபோயிருக்கிறேன். அப்போதெல்லாம் அத்தை என்னைத் திட்டமாட்டாள். அம்மாவைப் பார்த்துத்தான் சொல்லுவாள்:

"இன்னொரு தபா எதுனா பண்ணட்டும், குடியாத்தத்துல அவ பெரியப்பன் வூட்ல கொண்டுபோய் வுட்டுட்றேன். தறிக்கு நூல் சுத்திக்கினு கெடக்கட்டும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. பெரியப்பா வீட்டில் நான்கு தறிகள் ஓடின. சின்னக் கைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். என்னை மட்டும்தான் கேட்டார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தையல் தெரியும். கையால் சுற்றும் பழைய மிஷின் ஒன்று அவளோடு வந்திருந்தது. காலையில் தண்ணீர் இழுத்து, பாத்திரம் தேய்த்து, மாவாட்டி, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பகல் வெயில் ஓட்டின் வழியாக இறங்கும் நேரத்தில்தான் மிஷின் முன்னால் உட்காருவாள். வலது கை சுற்றும். இடது கை துணியைத் தள்ளும். நடுநடுவே நெற்றியை மிஷின் மேலேயே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் தூங்குகிறாளா, ஊசியைப் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

ஊருக்கு வெளியே பெண்பிள்ளைகள் போர்டிங் பள்ளி ஒன்று இருந்தது. அதை நடத்திய துரைசானியம்மா தமிழை வேதப்புத்தகத்திலிருந்து கற்றவர்; யாரிடம் பேசினாலும் ஆலயத்தில் வாசிப்பது போலவே பேசுவார். அந்தப் பங்குனியில் அவர் சைக்கிளில் வந்து இறங்கி, ஒரு பழைய கவுனையும் மூன்று கவுனுக்கான துணியையும் அம்மாவிடம் கொடுத்தார். மெல்லிய பருத்தி, பால் வெள்ளை, அதில் கடுகளவு நீலப் பூக்கள். கோடைக்கு மலைக்குப் போகிறாராம். அதற்குள் மூன்றும் வேண்டும்.

"வருகிற ஆனி மாதம் எங்களுக்கு ஒரு தையல் ஆசிரியை தேவை," என்றார். "அவர் விடுதியிலேயே வாசம்பண்ண வேண்டும். ஓர் அறை உண்டு. உம்முடைய குமாரத்தியும் உம்மோடு இருக்கலாம். முதலில் உம்முடைய கைவேலையைக் காண்பேன்."

அம்மா அன்று பகல் முழுக்க அந்தப் பழைய கவுனை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரவிக்கையும் பாவாடையும் ஒன்றாய்ச் சேர்ந்தால் எப்படியோ அப்படி ஓர் உடுப்பு. இடுப்பில் பொடிப்பொடியாய்ச் சுருக்கு, வட்டக் கழுத்துப்பட்டி, முன்னால் வரிசையாகப் பொத்தான், அடியில் நான்கு விரல் அகலத்துக்கு மடிப்பு. செய்தித்தாளில் அளவு வெட்டி, தரையில் பரப்பி, குண்டூசி குத்தி, அப்புறம்தான் துணியில் கத்தரி வைத்தாள். செவ்வாய்க்கிழமை துணி வெட்டக் கூடாது என்று ஒரு நாள் வீணாய்ப் போயிற்று. சுருக்கு சரியில்லை என்று ஒரு கவுனின் இடுப்பை மூன்று முறை பிரித்தாள். "அந்த ரூம் கெடச்சா போதும்டி, நீயும் நானும் ஒருத்தர் வாயில வுழாம இருக்கலாம்," என்று பல்லால் நூலைக் கடித்தபடி சொன்னாள்.

முதல் கவுனைத் துரைசானியம்மா வாங்கி அங்கேயே தோளில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான்கு நாள் கழித்து, அதே கவுனைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாராம். பெரியவர்கள் பாலாற்றுப் பக்கத்துப் பாதையைக் குறை சொன்னார்கள். எனக்கு உண்மைக் காரணம் தெரிந்துவிட்டது. புதுத்துணி என்றால் மூலையில் துளி மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் உடுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஆகும். பாவம், வெள்ளைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? அப்பா இருந்தவரை எங்கள் புதுத்துணிக்கெல்லாம் அம்மாதான் வைப்பாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் வைப்பதே இல்லை. வேலை ஜாஸ்தி, மறந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டு கவுன்களும் முடிந்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, மடித்து, மிஷின் மேல் இருந்தன. துரைசானியம்மா சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழன் பகலில் அம்மா சுவரில் சாய்ந்து வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். நான் சந்தடியில்லாமல் பின்கட்டுக்குப் போனேன். அத்தை தன் குளியலுக்கு அரைத்து வைத்திருந்த மஞ்சள் கிண்ணத்தில் மூன்று விரலை விட்டு எடுத்து வந்தேன். துளி வைத்தால் போதும்தான். ஆனால் சைக்கிளையும் நொண்டிக் காலையும் நினைத்து மேல் கவுனுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்; அடுத்ததற்கு மஞ்சள் மிஞ்சவில்லை. ஈரம் காயாமல் மறுபடி மடித்து, மேலே கையால் அழுத்தியும் விட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சாயங்காலம் அம்மா பொத்தான் சரிபார்க்க மேல் கவுனைப் பிரித்தபோது, மடிப்புக்கு மடிப்பு மஞ்சள் ஊறி, முன்பக்கம் முழுக்க வரிசையாய்ப் பதினோரு பொட்டுகள். நல்லவேளை, கீழே இருந்த கவுனுக்குப் போகவில்லை. அம்மா கவுனை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்கு ஓடி, சோப்பைப் போட்டாள். சோப்பு பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. நான் பயத்தில் கதவின் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு அத்தை வந்தாள். சிவப்பைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். பிறகு தன் கிண்ணத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மஞ்சளாச்சே இது. யார் வெச்சது?"

அம்மா தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். என் நகக்கண்ணெல்லாம் மஞ்சள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மா மறுபடி கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தான் அண்ணி."

"நீயா? நீ இன்னாத்துக்கு அதத் தொட்ட?"

அம்மா கவுனை அலசினாள்.

"இந்த வூட்ல பத்து நாள்ல ஒரு நல்ல காரியம் இருக்குது. தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சே கைய வெச்சியா?"

அம்மா கவுனைப் பிழிந்தாள். அத்தை சத்தம் போடவில்லை. கிண்ணத்து மஞ்சளைச் சாக்கடையில் கொட்டினாள். அரைக்கிற கல்லை மூன்று குடம் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அவ்வளவுதான். எனக்கு உயிர் வந்தது. அத்தை அம்மாவை ஓர் அடிகூட அடிக்கவில்லையே! அடி விழாவிட்டால் அது சின்னக் குற்றம் என்பதுதான் அப்போது நான் அறிந்த நியாயம். அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. ஆம்பூரில் அந்த மருந்துக்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலையிலிருந்து அம்மா கவுனை நனைப்பதும் காயப்போடுவதுமாகப் பக்கத்திலேயே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நைசாகப் பக்கத்தில் போனேன்.

"ஏன்டி வெச்ச?"

"தொரசானியம்மா மறுபடி வுழுந்துடக் கூடாதுன்னு."

அம்மா என்னையே பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். ஆம்பூருக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெயில் கூசுகிறது போலும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பதினோரு பொட்டில் பத்து போயிருந்தன. துரைசானியம்மா அடிமடிப்பில் மிஞ்சியிருந்த வெளுத்த கறையைத் தொட்டுக் கேட்டார்: "இது என்ன?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வெச்சதும்மா. எங்க வழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க."

"நன்று. மலையில் நான் விழாதிருப்பேன்," என்று சொல்லிவிட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மாமாவின் பெரிய பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அவளுடைய ரவிக்கையை அம்மாதான் தைத்திருந்தாள். முன்பெல்லாம் வீட்டில் விசேஷம் என்றால் அம்மா அடுப்படியிலாவது இருப்பாள்; அன்று விறகு அறையில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நான் லட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றாள், அதையும் நானே தின்றேன்.

ஆனி மாதம் விடுதியில் அறை கிடைத்தது. ஒரு ஜன்னல், இரண்டு பாய், மிஷின். என்னை யாரும் குடியாத்தத்துக்கு அனுப்பவில்லை. அந்த வருஷமே மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர் இறந்து, கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. வயதானவர், படுக்கையில் கிடந்தவர். ஆனால் அத்தையைக் கேட்டால் வேறு காரணம் சொல்லுவாள்: தாலி இழந்தவள் தெரிந்தே மஞ்சளில் கை வைத்த வீடு.

பிறகு எத்தனையோ விசேஷங்கள். கல்யாணம், சீமந்தம், காதுகுத்து. எல்லாப் பெண்களின் ரவிக்கையும் அம்மாவிடம் தைக்க வரும். தைத்து மடித்து என் கையில் கொடுத்து, தலைவாரிப் பூ வைத்து, பஸ் ஏற்றிவிடுவாள். நீ வரலியாம்மா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"எனக்கு ஒடம்பு அசதியா இருக்குதுடி. நீ போய்ட்டு வா."

நான் தனியாகப் போய், பந்தியில் உட்கார்ந்து, அத்தை கையாலேயே பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். நான்தான் வைத்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அம்மா எப்போதும் களைத்தே இருந்தாள். அதனால் அவள் சொன்னதை நம்புவதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை.