பைக்குள் இறுகிய வண்டல்

என் குசினிக் கதவு காற்றில் அடிபடாமல் முட்டுக்கொடுத்து நிற்கும் களிமண் கட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்: அக்கா என் வேப்பங்கன்றுகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று நான் உண்மையிலேயே நம்பினேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்லர். ஒட்டுசுட்டான் பக்கத்து நாற்றுமேடையில் என்னோடு நாட்கூலிக்கு வேலை செய்தவர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். அந்தக் கூலியில்தான் மகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

மாரி மழைக்கு முன் கன்றுகள் வளர்ந்தாக வேண்டும். பள்ளிக்கூட வளவுகளில் நடுவதற்கு. அக்கா மேல்மண்ணோடு ஆற்றுமணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து, பொலபொலவென்று கன்றுப் பைகளை நிரப்புவார். நான் வயல்காரன். குளத்து வண்டலில் நெல் எப்படிக் கறுத்து வளரும் என்று கண்டவன். ஆகவே வற்றிய குளத்தில் வண்டலை வெட்டி வந்து, அதை மட்டுமே, கட்டைவிரலால் இறுக்கி இறுக்கி அடைத்தேன். "மணலிலை மரம் வளக்க இதென்ன கடக்கரையோ அக்கா?" என்று நக்கலும் அடித்தேன். "உம்மடை பையைத் தூக்கி எறிஞ்சா யானையும் திரும்பி ஓடும், தம்பி" என்றார் அவர்.

அவருடைய கன்றுகள் முழங்கால் உயரம் வந்தபோது என்னுடையவை மஞ்சளித்துக் குந்தியிருந்தன. மண்ணின் மேல் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. தொட்டு நக்கினேன். கரித்தது. கடற்கரை மனிசி, உப்பு, என் நக்கல். எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கை முடித்துவிட்டேன். நாக்கில் மண்ணோடு மேற்பார்வையாளரிடம் ஓடி, "ஐயா, உப்பு! நக்கிப் பாருங்கோ!" என்று பையை அவர் முகத்துக்கு நேரே நீட்டியதை நினைத்தால் இன்றும் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வேன். அவர் நக்கவில்லை. ஆனால் நம்பினார். அக்காவைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றார். அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் இல்லாத நாட்களிலும் வெள்ளை பூத்தது. அப்போதுதான் ஒரு பையைக் கிழித்தேன். மேலே நாலு விரல் ஆழம் ஈரம், கீழே செங்கல்லாய் இறுகிய வண்டல். இறங்க இடமில்லாத வேர் அந்த ஈரத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் கரைக்குப் போனேன். அக்கா வெயிலில் கருவாடு பிரட்டிக்கொண்டு நின்றார். "என்ன தம்பி, இன்னும் நக்கக் கிடக்கோ? இஞ்சை உப்புக்குக் குறைவில்லை." "வாங்கோ அக்கா, ஐயாட்டைச் சொல்லிப்போட்டன்" என்றேன். "நான் வரேல்லை. என்ரை கண்டுகளுக்கு ஒழுங்காத் தண்ணி விடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கருவாட்டைப் பிரட்டினார்.

தண்ணீர் விட்டேன். அவருடைய வேம்புகள் இன்று பள்ளிக்கூட வளவில் நிழல் விரித்து நிற்கின்றன. என்னுடையவற்றில் மிஞ்சியது இந்தக் கட்டிதான். உப்பை யாரும் ஊற்றவில்லை. நாற்றுமேடைக் கிணற்றுத் தண்ணீரே உவர். அக்காவின் பையில் அது வடிந்து போனது. என் பையில் வழியில்லாமல் மேலேயே காய்ந்தது.