ஆட்டம் நிற்காத முதல் ஸ்டாண்டு

தனக்கொடி சொன்ன அந்தப் பொய்யை மாதா எப்போதோ மன்னித்திருப்பாள்.

குருவிநத்தத்தில் அவள் கணவன் சூசைநாதன் பேர் வாங்கிய தச்சன். பாகூரில் ஒரு வீட்டுக்கு உத்திரம் ஏற்றும்போது சாரத்திலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தது, வலது கையில் பிடிப்பு போய்விட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றோடு பேச்சையே விட்டுவிட்டான். கட்டிலில் கிடந்தவனிடம் தனக்கொடி கெஞ்சினாள், அழுதாள், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் அவளுக்கு.

அவன் வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய தேக்கு, வேம்புத் துண்டுகள் மூட்டையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு ரோஸ்லின் ஒருநாள் கேட்டாள்.

"இன்னாக்கா, சும்மாதான கெடக்குது. வெந்நி அடுப்புக்குக் குடேன்."

கட்டிலில் இருந்தவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். தனக்கொடி அதைப் பார்த்துவிட்டாள்.

"குடுக்க மாட்டேன்டி. அதுல பூந்தொட்டி வெக்கிற ஸ்டாண்டு பண்ணப் போறேன். ஒனக்கும் ஒண்ணு உண்டு."

ரம்பத்தை அவள் தொட்டதுகூடக் கிடையாது. ரோஸ்லினோ, தினமும் வந்து கேட்டாள். வேறு வழியில்லாமல், தனக்கொடி வாசல் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து துண்டுகளை அறுத்து ஆணி அடித்தாள். ஸ்டாண்டு ஆடியது. ஒரு காலைக் குறைத்தாள். மறுபக்கம் ஆடியது. அதையும் குறைத்தாள். ஸ்டாண்டு குள்ளமாகிக்கொண்டே போனதே தவிர, ஆட்டம் நிற்கவில்லை.

"அக்கா, இது தொட்டி வெக்கவா, ஒக்காந்து சோறு துன்னவா?" என்றாள் ரோஸ்லின்.

தனக்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ரம்பத்தை எடுத்தாள்.

"கால வுடுடி. தரையப் பாரு."

உள்ளேயிருந்து கரகரத்த குரல். ரம்பம் அவள் கையிலிருந்து நழுவியது.

"தண்ணி ஓடணும்னு இந்தப் பக்கமும் வாட்டம், அந்தப் பக்கமும் வாட்டம் வெச்சிக் கெடக்குது. அங்க வெச்சிப் பாத்தா எந்த ஸ்டாண்டுடி நிக்கும்? உள்ள எடுத்துனு வா."

ஸ்டாண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கண்ணீரில் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னம் அறுத்தா பலகைதான் மிஞ்சும். இத வுடு. வேற துண்டு எடு, நான் புடிக்கிறேன்."

இடது கையால் அவன் மரத்தை அழுத்திப் பிடிக்க, அவள் அறுத்தாள். அந்த ஸ்டாண்டு ரோஸ்லின் வீட்டுக்குப் போனது. இப்போது மடுகரையிலிருந்துகூட ஸ்டாண்டு கேட்டு ஆள் வருகிறது.

குள்ளமான அந்த முதல் ஸ்டாண்டு மட்டும் கட்டில் ஓரத்திலேயே இருக்கிறது. ஒரு காலுக்கு அடியில் செருப்புத் துண்டு, மேலே மணி பிளாண்ட்.

"தண்ணி சொட்டுது பாரு, மரம் ஊறிப்பூடும். அடியில தட்டு வைன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று காலையிலேயே சூசைநாதன் ஆரம்பித்துவிடுவான்.

தட்டு அலமாரியில்தான் இருக்கிறது. தனக்கொடி மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு, தட்டை எடுக்காமலே தண்ணீர் ஊற்றுவாள்.