கோமதி எழுதிய வாக்கியம்

இன்று காலை தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் கோமதியைப் பார்த்தேன். அறுபதுகளில் ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்தவள்.

"வாத்தியார் உனக்குக் கைதட்டச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

'கொடூரம்' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் புலியைப் பற்றி எழுதினோம். கோமதி மட்டும், "என் அப்பா அம்மாவைக் கொடூரமாக அடிக்கிறார்" என்று எழுதியிருந்தாள்.

வாத்தியார் அதை உரக்க வாசித்தார். "ஏலே, இப்படில்லா எழுதணும்!" என்றார். சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டார். வகுப்பே கைதட்டியது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நோட்டுல வீட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போணும்லா," என்றாள் கோமதி. "மிக நன்றுன்னு இருக்கே, அப்பா சந்தோசப்படுவாருன்னு நெனச்சு நீட்டுனேன். வாசிச்சாரு. கையெழுத்துப் போட்டாரு. பெறவு அடுக்களைக்குப் போயி அம்மை கையை ஒடிச்சிட்டாரு."

கோமதியே தொடர்ந்தாள்.

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எதுக்கு அடின்னே தெரியல."

"நீ சொல்லலையா?"

"அவ சாகுத வரைக்கும் சொல்லல."

குற்றாலத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

நாற்பது வருடம் நிருபராக இருந்தேன். எந்தச் செய்தியிலும் அடுத்து என்ன நடந்தது என்று கேட்காமல் விட்டதில்லை என்று சொல்லிக்கொள்வேன். அன்று வகுப்பில் பலமாகக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். மறுநாள் கோமதி பள்ளிக்கு வந்தாளா?