தண்ணீர் விட்ட மருந்து

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதிலும் ஏழு வயதுப் பிள்ளையின் உயரம்தான். வளர்வதற்கு என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். சின்னக் குப்பியில் தூள். கூட வரும் தண்ணீரை விட்டுக் கரைத்து, ஃபிரிஜ்ஜில் வைத்து, தினமும் ஒரு ஊசி நானே போட வேண்டும். விடிய எழும்பி றப்பர் பால் வெட்டி, வாளியைச் சுமந்து மலை இறங்கி வந்த பிறகு இந்த வேலையும் என் தலையில்தான்.

ஒரு மழையில் கம்பியில் மரம் விழுந்து, எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் குப்பியைச் சரித்தால், மருந்து கஞ்சித்தண்ணீர் மாதிரித் தடித்து மெதுவாக நகர்ந்தது. அடுத்த குப்பி கிளினிக்கில்தான் கிடைக்கும். அதற்கு இன்னும் ஆறு நாள். ஊசி தவறினால் பிள்ளை வளர மாட்டாளோ என்று பயந்தேன்.

வாளியில் றப்பர் பால் திரளப் பார்த்தால் நாங்கள் பதறுவதில்லை. கொஞ்சம் அமோனியாத் தண்ணீர் விட்டுக் கலக்கி, நிறுக்கிற இடம்வரை கொண்டுபோய்விடுவோம். இருபது வருடக் கைப்பழக்கம் அல்லவா, மருந்துக்கும் அதையே செய்தேன். மருந்தோடு வந்த தண்ணீரில் மிச்சம் இருந்ததைக் குப்பிக்குள் விட்டு நன்றாகக் குலுக்கினேன். நுரைத்தது. நுரை அடங்கியதும் ஊசியில் சுலபமாக ஏறியது. பெரிய கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சூடு பட்டாலும், உறைந்தாலும், குலுக்கினாலும் மருந்துத் துணுக்குகளே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுமாம். அப்படித் திரண்டது திரும்ப மருந்தாகாது, தண்ணீர் விட்டால் இளகியது போலத் தெரியும், அவ்வளவுதான். குப்பியை மெதுவாக உருட்டித்தான் கரைக்க வேண்டும். ஃபிரிஜ்ஜில் ஐஸ் பிடிக்கிற பக்கம் வைக்கக் கூடாது. கலங்கினாலோ தடித்தாலோ எறிந்துவிட வேண்டும். கரண்ட் போனால் ஐஸ் போட்ட பெட்டியில், துணி சுற்றி வைக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் சொன்னேன். ஆறு நாளும் சும்மா குத்தியிருக்கிறேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"எனக்குத் தெரியும்மா. மொத நாளே குப்பியில கட்டி கட்டியா மிதந்திச்சு. நீங்க களைச்சுப் போய் வாறீங்க. சொன்னா இன்னொருக்கா டவுனுக்கு அலைவீங்கன்னு பேசாம ஊசிக்குக் கையக் காட்டினேன்."