மாலை போட்ட லேத் மெஷின்

எங்க வீட்டுக்காரரு தேயிலை ஃபெக்டரியில ஃபிட்டர். பதுளையில ஒரு கராஜை மூடுறாங்கன்னு கேள்விப்பட்டு, அங்க கெடந்த பழைய லேத் மெஷினை வாங்கி லொறியில ஏத்தி, ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கே கொண்டுவந்துட்டாரு. கொழுந்து நிறுத்துட்டு வந்து பார்த்த எனக்குத் தலை சுத்திருச்சு. லயத்து வீட்டுல எங்களுக்கு இருக்கிறதே ரெண்டு காம்பரா, அதுல ஒன்னுல இந்த இரும்புப் பூதம்! "நானும் புள்ளைகளும் எங்கங்க படுக்கிறது, இது மடியிலயா?"ன்னு கத்துனேன். மனுசன் அதைத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு.

எத்தனை நாள்தான் கத்துறது? ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா நின்னு பார்த்தேன். துருப்பிடிச்ச கம்பி சுத்துது, உளி பட்டதும் இரும்பு உருளைக்கிழங்குத் தோலு மாதிரி சுருண்டு சுருண்டு விழுது, உள்ள பளபளன்னு வருது. அட, இதுக்காகத்தான் இந்த மனுசன் சோறு தண்ணி மறந்து நிக்கிறாரான்னு இருந்துச்சு. அப்புறம் பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரங்க தண்ணிப் பம்பு சாமான் சரி பண்ணக் கொண்டுவந்தா, வெளக்குமாத்தைப் புடிச்சுக்கிட்டு நானும் பக்கத்துலயே நின்னுக்குவேன். பிடிச்சிருக்குன்னு மட்டும் அவருக்கிட்ட சொல்லல. சொன்னா இன்னொன்னு வாங்கிட்டு வந்துருவாரு.

ஆயுத பூசையன்னைக்கு மத்தியானம், வேலை பாதியில இருக்கும்போது கரண்டு போயிருச்சு. சரின்னு அவரு பீலித் தண்ணியில குளிக்கப் போனாரு. நான் மெஷினைத் தொடைச்சு விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வச்சேன். செவ்வந்தி மாலை கட்ட வாழைநாரு கெடைக்கல, நைலான் நூல்லயே கட்டிட்டேன். ஒரு நுனியை, கம்பியைக் கவ்விப் பிடிச்சுச் சுத்துற தலையில முடிஞ்சேன். மறு நுனியை, பூக்கட்டுற பழக்கத்துல மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு, பொட்டு சரியா இருக்கான்னு குனிஞ்சு பார்த்தேன்.

கரண்டு வந்துருச்சு.

ஐயோ! சுவிட்சு போட்டபடியே கெடந்திருக்கு. மெஷின் மாலையை இழுக்குது, நூலு சதையில எறங்குது, அறுபட மாட்டேங்குது. பூவெல்லாம் மூஞ்சியில தெறிக்குது. கை போகுது, கொழுந்து எடுக்கிற கை போகுதுன்னு தெரியுது. ஈரத் துண்டோட வாசல்ல வந்தவரு பாய்ஞ்சு பிளக்கைப் புடுங்கிட்டாரு. கம்பியில ஸ்குரூ மறை வெட்டுறதுக்காக மெதுவா ஓட விட்டிருந்தாரு, அதனாலதான் கை தப்புச்சு.

ரத்தத்தைப் பார்த்ததும் அவரு தரையில உக்காந்துட்டாரு. "சாமி காப்பாத்திருச்சு"ன்னாரு.

"சுவிட்சை அணைக்காமக் குளிக்கப் போனது யாரு, சாமியா?"ன்னு கேட்டேன். கண்ணுல ஒரு சொட்டு வரல.

"வேணாம் புள்ள, இந்தச் சனியன் வேணாம். நாளைக்கே வித்துருவோம்"னாரு.

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. துணி சுத்துன கையோட மெஷினுக்கு முன்னால போய் நின்னுக்கிட்டேன்.

"விக்கிறதா? வித்துத்தான் பாருங்களேன்! கரண்டு போனா தானா விழுந்து அணையிற சுவிட்சு ஒன்னு வாங்கி மாட்டுற வழியப் பாருங்க"ன்னேன்.