‘குறையின்றி’ என்ற சொல்லுக்காக

பலேர்மோவில் தமிழர் கூடுகிற இடம் எதுவானாலும், பல வருடங்களாக நான் நொண்டிக்கொண்டுதான் போனேன். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா, எல்லாவற்றிலும் என் கால் இழுபட்டது. உண்மையில் காலில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குத் துறைமுகத்தில் வேலை. நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் போகிற கப்பல்களுக்குள் கார்களையும் லொறிகளையும் கையைக் காட்டி ஏற்றிவிட வேண்டும். ஓட்டமும் நடையுமான பிழைப்பு. ஆனால் ஒரு தமிழ் முகத்தைக் கண்டேனோ, முழங்காலுக்கு வருத்தம் வந்துவிடும்.

அந்த வருத்தத்தைக் கண்டுபிடித்தவர் அம்மா. இத்தாலியப் படையில் சேர்ந்த நான் ஒப்பந்தக் காலம் முடியமுன்னரே வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். முதலில் ரெலிபோன் எடுத்து விசாரித்தவரிடம் அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"பயிற்சியிலை விழுந்து முழங்கால் போட்டுது. அவங்கள் விடமாட்டம் எண்டுதான் நிண்டவங்கள். நாங்கள்தான் போதும் வா எண்டு கூப்பிட்டனாங்கள்."

பொழுதுபடமுன் நகரத்திலுள்ள தமிழர் பாதிப் பேருக்கு என் முழங்கால் செய்தி போய்விட்டது. அடுத்த நாள் ஒருவர் நோவெண்ணெய் கொண்டுவந்து தந்தார், இன்னொருவர் தானே பூசிவிட்டார். அதன்பிறகு நொண்டாமல் நடக்க எனக்கு எங்கே வழி?

என்னை அனுப்பியது கஞ்சாவுக்காக. இதைத் தமிழில் இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்தபோது போர்கோ வெக்கியோப் பகுதியில் பள்ளிக்கூடக் கூட்டாளிகளோடு இருந்து புகைத்தேன். ஒரேயொரு தடவைதான் என்று விசாரணையில் சொன்னேன். அகப்பட்ட எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த அதிகாரி முகத்தைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. நான் விடுமுறைக்கு வந்த நேரமெல்லாம் புகைத்தேன், படைமுகாமிலும் இரண்டொரு தரம் புகைத்தேன். முகாமில் திடீரென்று எல்லோரிடமும் சிறுநீர் எடுத்துப் பார்த்த அன்று, குப்பியைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தெரியும், விளையாட்டு முடிந்துவிட்டது என்று.

படை என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அப்பா ஊரில் படைக்குப் பயந்து ஓடி, காட்டுக்குள்ளும் கப்பலிலும் ஒளிந்து, கடைசியில் இந்தத் துறைமுகத்து நகரத்தில் வந்து ஒதுங்கியவர். இங்கே பொலித்தேயாமா சதுக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிற்பார்கள். சுற்றுலாப் பயணிகள் அவர்களோடு நின்று படம் எடுப்பார்கள். அப்பாவோ அவர்களைக் கண்டதும் தெருவைக் கடந்து மறுபக்கத்து நடைபாதைக்குப் போய்விடுவார். வேலைக்குப் போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. நான் படையில் சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"உலகத்திலை வேறை வேலை இல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் நான் சீருடையோடு முதல் விடுமுறைக்கு வந்து, அவரோடு கப்போ சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது சதுக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். அப்பா தெருவைக் கடக்கவில்லை. நேரே அவர்களிடம் போய் நேரம் என்னவென்று கேட்டார். அவருடைய கையில் மணிக்கூடு கட்டியிருந்தது. சிப்பாய் நேரத்தைச் சொல்லி, ஐயா என்று மரியாதையாகத் தலையை ஆட்டினான். அப்பா வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். என் வாழ்க்கையில் நான் அவருக்குச் செய்த ஒரே நன்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

என்னை அனுப்பிய பிறகு அவர் மீண்டும் மறுபக்கத்து நடைபாதைக்குப் போய்விட்டார்.

படையை விட்டு விலகும்போது தருகிற பத்திரத்தில் மற்றவர்களுக்குக் ‘குறையின்றி’ என்று இருக்கும். எனக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. அது இல்லாதவன் பொலிசுக்கோ தீயணைப்புப் படைக்கோ பரீட்சை எழுத முடியாது. எனக்குப் பொலிஸ் தேவையில்லை. தீயணைப்புப் படையில் சேரவேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்து ஆசை. படைக்குப் போனதே அதற்கு ஒரு படி என்றுதான்.

முகாமை விட்டு வெளிக்கிட்ட அன்று அங்கிருந்த வைத்தியர் என்னைக் கூப்பிட்டார். கடுமையான மனிதர், ஆனால் அன்றைக்கு இரக்கமாகப் பேசினார். பலேர்மோவுக்குப் போனதும் போதைப்பழக்கத்துக்கான அரசாங்க நிலையத்தில் பதிவு செய், ஒழுங்காகப் போய்ச் சோதனை கொடு, என்றைக்காவது இந்தப் பத்திரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பாய், அன்றைக்கு உனக்காகப் பேச அது மட்டும்தான் இருக்கும் என்றார்.

நான் போனேன். அதுதான் என் கவலை, போகாமல் விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அம்மாவும் கூட வந்தார். பஸ்ஸால் இறங்கி அந்தக் கட்டடத்து வாசலுக்குப் போய்விட்டோம். கண்ணாடிக் கதவுக்குள்ளே ஒருவர் நிலம் துடைத்துக்கொண்டு நின்றார். தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களுக்கு வடை சுட்டுக்கொண்டு வருகிற அன்ரி. இந்த நகரத்தில் வீடுகளையும் அலுவலகங்களையும் ஆஸ்பத்திரிகளையும் கூட்டித் துடைப்பதில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு தமிழ் ஆள் வாளியோடு நிற்பார். வேறு இனத்துக்காரனுக்கு இப்படி ஒரு தொல்லை இருக்காது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா, போவம்."

"அம்மா, பேர் குடுக்காட்டி பிறகு..."

"இவ கண்டா நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். உனக்கு விசரே? உதை நாங்களே பாப்பம். வா."

எனக்கும் உள்ளே போக மனமில்லை. அந்த அன்ரியின் கையால் எத்தனை வடை தின்றிருப்பேன், அவருக்கு முன்னால் எப்படி நிற்பது? வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம்.

நாங்களே பார்த்தோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தார். எங்கள் வீட்டில் பிள்ளையாரும் முருகனும் இருக்கிற அதே தட்டில் இந்த நகரத்துப் புனிதையும் இருக்கிறா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிய எழுப்பி, அவவின் கோயில் இருக்கிற பெல்லெகிரினோ மலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். செருப்பில்லாமல் ஏற்றம். வழியில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் ஏறுவார்கள், முழங்காலுக்காகத்தான் நேர்த்தி என்று நினைத்து அவர்களும் பரிதாபப்படுவார்கள். மலையிலும் நொண்ட வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் நொண்டுவது என்று சிலவேளை மறந்துபோகும். அம்மா பின்னாலிருந்து, "வலது, வலது" என்று மெல்லச் சொல்லுவார். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

ஆனால் நான் விட்டுவிட்டேன். மலையா, அம்மாவின் காலில் கிழிந்த தோலா, அப்பா கடந்துபோன அந்தத் தெருவா, எது விட வைத்தது என்று தெரியாது. கூட்டாளிகளிடம் போவதை நிறுத்தினேன். துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் தொடவில்லை.

தீயணைப்புப் படைப் பரீட்சைக்கான வயது எல்லை நெருங்கியபோது இனியும் பேசாமல் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். அம்மா வேலை செய்கிற வீட்டு எசமானியான சிஞ்ஞோராவின் மகள் ஒரு வழக்கறிஞர். அவரிடம் போனோம். சிஞ்ஞோராவுக்கும் அம்மா முழங்கால் கதையைத்தான் சொல்லி வைத்திருந்தார். மகள் பத்திரத்தை வாசித்துவிட்டு, என் காலைப் பார்த்து, பிறகு அம்மாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். அவர் சொன்னது இதுதான்: நீதிமன்றத்துக்குப் போகிற காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் படை மேலிடத்திடம் இதை மறுபடி பாருங்கள் என்று கேட்கலாம். அவர்கள் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆள் திருந்தியது உறுதியாகத் தெரிந்தால் பார்ப்பார்கள். போதைப்பழக்க நிலையத்தில் இத்தனை வருடம் சோதனை கொடுத்த அத்தாட்சி எங்கே?

அத்தாட்சி இல்லை என்றேன்.

"தலைமுடியிலை சோதிக்கலாம் எண்டினம், உண்மையோ?" என்று அம்மா என்னை அவரிடம் கேட்கச் சொன்னார். செய்யலாம், ஆனால் முடி கடைசிச் சில மாதக் கதையைத்தான் சொல்லும், அதற்கு முந்தியதற்கு யார் சாட்சி என்றார் வழக்கறிஞர்.

"சாந்தா ரொசாலியாவுக்குத் தெரியும் எண்டு சொல்லு."

நான் அதை இத்தாலியனில் சொல்லவில்லை. ஆனால் பெயர் அவருக்கு விளங்கிவிட்டது. "என் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பா. ஆனால் சாந்தா ரொசாலியா கையெழுத்துப் போடமாட்டாவே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார்.

முடிச் சோதனை, துறைமுக மேலாளரின் நற்சான்று, படையில் நான் ஒழுங்காக இருந்த மாதங்களின் பதிவு, இவற்றோடு விண்ணப்பம் போனது. பதில் வருமட்டும் அப்பா என்னோடு வழக்கத்தைவிட அதிகமாகக் கதைத்தார். தீயணைப்புக்காரருக்கு மலையேற்றப் பயிற்சி இருக்குமா, கடலில் தீப்பிடித்தால் யார் போவார்கள், இப்படியெல்லாம் கேட்டார்.

மறுத்துவிட்டார்கள். விலக்கப்பட்ட நாள்முதல் தொடர்ந்து திருந்தி நடந்ததற்கு அத்தாட்சி இல்லை, ஆகவே பத்திரத்தை மாற்றக் காரணம் இல்லை. மரியாதையான இத்தாலியனில் இவ்வளவுதான். அவர்களில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என்னை அவர்கள் அறிவார்களா, அந்த மலையை அறிவார்களா? வயது எல்லையும் அந்த வருடத்தோடு தாண்டிப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தனியாக மலைக்குப் போய்விட்டு வந்தார்.

அடுத்த கோடையில் ஒரு பின்னேரம், நாப்போலிக் கப்பலுக்கு வாகனங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு லொறிக்காரன் பிழையான வரிசையில் புகுந்துவிட்டான். கத்திக்கொண்டு பாய்ந்து ஓடிப் போய் மறித்தேன். திரும்பினால், வரிசையில் நின்ற காருக்கு வெளியே அந்த அன்ரி நிற்கிறார், வாளியில்லாமல், நல்ல சேலை உடுத்து. மருமகனோடு நாப்போலியில் ஒரு கலியாணத்துக்குப் போகிறாராம்.

"கால் சுகமாகிட்டுதோ தம்பி?"

"ஓம் அன்ரி... இப்ப கொஞ்சம் பறவாயில்லை."

"பறவாயில்லையோ! போன திருவிழாவிலை இடக்கால், அதுக்கு முந்தின கலியாணத்திலை வலக்கால். எனக்கென்ன கண் தெரியாதோ?"

அவர் சிரிக்கவில்லை. காரை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கு நீயும் அம்மாவும் வாசல்லை வந்து நிண்டதைக் கண்டனான். வாளியை அப்பிடியே விட்டிட்டு வெளியிலை ஓடி வந்தனான் ராசா. அதுக்குள்ளை பஸ் வெளிக்கிட்டிட்டுது."

"ஏன் அன்ரி ஓடி வந்தனீங்கள்?"

"அங்கை பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. அந்தப் பூட்டின்ரை திறப்பு என்னட்டைத்தான். எங்கடை பிள்ளையள் எத்தினை பேரை அதாலை விட்டிருப்பன். ஆரின்ரையும் பேர் வெளியிலை வந்ததோ? என்ரை மூத்தவனையும் அதாலைதான் கூட்டிக்கொண்டு போனனான்."

அவருடைய மூத்தவன் இப்போது மிலானோவில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். அவனைப் பார்த்துப் படி என்று அம்மா எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

"பிறகு வந்து சொல்லியிருக்கலாமே அன்ரி" என்றேன்.

"எப்பிடிச் சொல்லுறது? அம்மா என்னைக் கண்டா மற்றப் பக்கத்தாலை போறவ."

மருமகன் ஹோர்ன் அடித்தான். வரிசை நகர்ந்தது. அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார். நான்தான் கையைக் காட்டி அந்தக் காரைக் கப்பலுக்குள் விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல யாரைக் கண்டாய் என்று கேட்டார். அன்ரியைக் கண்டேன் என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அவ என்ன கேட்டவ?"

"காலைப் பற்றிக் கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதிரையில் இருந்த அம்மா, மலையேறி வெடித்த குதிக்கால்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"சுகமாகிட்டுது எண்டு சொன்னன்."

"அப்பாடா" என்றார் அம்மா. "இனியாவது நேராய் நட."