அம்மா பேசிய போட்டோ

இருந்தவர்கள் இவர்கள்தான். டைரக்டர். கேமராக்காரர். உதவி டைரக்டர் பெண். லைட் பிடிக்கிற முருகன். என் அம்மா. மண் மூட்டை அடுக்கிய நான். அப்புறம், சட்டம் போட்ட போட்டோவில் ஒரு பையன். வடபழனியில் யார் வீட்டுப் பிள்ளையோ, நன்றாக இருக்கிறானாம்.

படம் எங்கள் நாட்டுச் சண்டையைப் பற்றியது. வன்னி வீடொன்றை வடபழனி ஷெட்டுக்குள் நானே ஆணி அடித்துக் கட்டினேன். வெளியே பஸ் டிப்போ இரைச்சல். காணாமல் போன மகனின் போட்டோ முன்னால் தாய் உட்கார வேண்டும், எங்கள் தமிழ் தெரிந்த கிழவி வேண்டும் என்றார்கள். அம்மாவைக் கூட்டி வந்தேன்.

உதவி டைரக்டர் குனிந்து சொன்னாள். "பாட்டிமா, டயலாக்லாம் இல்ல. புள்ளய நெனச்சு நல்லா பேசுங்க, போதும்."

ஊரில் வாசிப்பவர்களுக்கு இது தெரியும். இங்குள்ளவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் பேசுவதை நாங்கள் கதைப்பது என்போம். பேசுவது என்றால் எங்களுக்குத் திட்டுவது. வந்த புதிதில் தி.நகர் துணிக்கடையில் முதலாளி, "போய் கஸ்டமர்கிட்ட பேசு" என்றார். துணி வாங்க வந்த அந்த அம்மா என்ன பிழை செய்தார் என்று கேட்டேன். நாளெல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை. மேற்கு மாம்பலத்து வீட்டை விட்டு அவர் அதிகம் போனதில்லை.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். போட்டோவைப் பார்த்தார். பேசினார்.

"டேய் ரவி. விசரா."

படத்தில் மகனுக்கு வேறு பெயர். ரவி என் அண்ணன்.

"இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டு வந்தாங்கள். தம்பி சின்னன் எண்டு நான் உன்னைக் கையைக் காட்டினனான். கொம்மா கையைக் காட்டினா உடனே போறதே? பின்வேலியால ஓடியிருக்கலாமே? செருப்பைப் போட்டுக்கொண்டு, வாறனம்மா எண்டிட்டுப் போறாய். மொக்கு."

தம்பி நான்தான். அப்போது பதின்மூன்று வயது. காய்ச்சலில் உள்ளே படுத்துக் கிடந்தேன். எழும்பியபோது, அண்ணன் தானாகப் போய்விட்டான் என்றார் அம்மா. பிறகு ஒரு சேதியும் இல்லை. எங்களை விட்டுவிட்டுப் போனவன் என்று, அவன் பெயரை இத்தனை வருடம் வீட்டில் எடுக்க விட்டதில்லை நான்.

கட் சொன்னார்கள். கை தட்டினார்கள். முருகன் என் தோளில் தட்டினான்.

"இன்னா நைனா, உங்கம்மா செமயா ஆக்ட் குடுக்குது. சொல்லவே இல்ல?"

"எனக்கும் சொல்லேல்லை" என்றேன்.

கையில் சுத்தியல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் நானும் அம்மாவும் கதைக்கவில்லை. பேசவும் இல்லை.

அடுத்த வாரம் அகதிப் பதிவைப் புதுப்பிக்கப் போனோம். எப்போதும் கேட்கும் கேள்விகள்தான். பிள்ளைகள் எத்தனை என்றால் அம்மா ஒன்று என்பார். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்.

"பசங்க எத்தினி பேரும்மா?" என்றார் எழுதுகிறவர்.

அம்மா என்னைப் பார்த்தார்.

"ரெண்டு" என்றேன் நான்.

"போன தபா ஒண்ணுன்னு கீதே. இன்னொருத்தரு எங்க?"

"அங்க" என்றார் அம்மா.

"இவரு?"

"இங்க."

அவர் ஒன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்.

2.